வெடியொலியும் அதன் வரலாறும்

பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சர் படபடவென வெடித்தால், கார்புரேட்டரையே மாற்றிவிடச் சொல்வோர் உளர். அக்கருவியின் வரலாற்றை அறிந்தோர் அங்ஙனம் அவசரப்படார்.

தொடக்கக் காலத்தில், பெட்ரோலின் மேற்பரப்பைத் தழுவிச் சென்ற காற்றே ஆவியைச் சுமந்து சென்றது. குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கலவை மாறிற்று. 1893ஆம் ஆண்டிலே ஹங்கேரி நாட்டுப் பாங்கியும் சோங்காவும், நுண்துளை வழியே பெட்ரோலைத் தூவும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ஜெர்மானியரான மாய்பாக்கும் அதே காலத்தில் அம்முறையைக் கண்டார். அந்நுண்துளையே ஜெட் எனப்படுவது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று என்பது கணக்கு.

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது. திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகள் பல்லாண்டுகள் கார்புரேட்டருடனேயே ஓடின. புல்லட் 350 வண்டி அதனைக் கைவிட்டது 2020இல்தான்.

என்னிடம் பயின்று பட்டறை வைத்திருக்கும் மாணவர்க்கு நான் சொல்வது இது. ஆக்சிலரேட்டரை மூடும்போது மட்டும் வெடித்தால், சிலிண்டரில் எரியாத கலவை, சூடான சைலன்சரில் பற்றுகிறது என்று பொருள். முதலில் சைலன்சர் இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். அடுத்து கார்புரேட்டர் இணைப்பு. பின்னரே பைலட் ஜெட்டின் அடைப்பு. ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருந்தால் மிகுதி. இளம் பழுப்பே நன்று.

பெட்ரோல் குறைந்த கலவையைப் புறக்கணித்தால் இயந்திரம் மிகச் சூடேறி, வால்வும் பிஸ்டனும் கெடும். ஆதலின், அவ்வொலி ஓர் எச்சரிக்கை. ஸ்பானரை எடுக்குமுன் செவி கொடுத்துக் கேளுங்கள்.