மலைப்பாதையின் கடைக் கதவுகள்

மேட்டுப்பாளையத்தை விட்டுக் கல்லாற்றைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குன்னூரை நோக்கிச் செல்கிறவர்கள், ஏறக்குறையப் பாதி வழியில், பாக்கு மரமும் பலாவும் மிளகுக் கொடியும் நெருங்கி வளர்ந்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்து, பருவமானால் மங்குஸ்தானோ துரியனோ வாங்கிக்கொண்டு மேலே போவது நெடுநாளைய வழக்கம். அந்த இடம் பர்லியார். குன்னூரின் உயரத்தில் பாதிகூட இல்லாத இந்தச் சிற்றூருக்கு மலையின் குளிரும் இல்லை, சமவெளியின் வறட்சியும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பசையுள்ள உஷ்ணமே நிலவுகிறது. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த தாமஸ் என்பவர் இங்கே வாசனைத் திரவியங்களையும் அயல்நாட்டுப் பழமரங்களையும் பயிரிட்டுப் பார்த்ததும், 1871-இல் அந்தத் தோட்டம் சர்க்கார் வசமானதும், ஜாதிக்காயும் கிராம்பும் இன்றைக்கும் அங்கே காய்ப்பதும் இந்தச் சீதோஷ்ணத்தின் பலனேயாகும். ஜாதிக்காய்க்கு உகந்த அந்த ஈரம் கதவுகளுக்கு உகந்ததன்று. இந்தக் கட்டுரை கதவுகளைப் பற்றியது.

1830-ஆம் ஆண்டை ஒட்டி லெ ஹார்டி என்னும் ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட முதல் குன்னூர்ப் பாதை மிகவும் செங்குத்தானது. பாரவண்டிகளுக்கு அது பெரிதும் பிரயோஜனப்படவில்லை. பிற்பாடு கர்னல் லா என்பவர் சரிவைக் குறைத்துப் புதிய தடத்தில் அமைத்து, 1871-இல் திறக்கப்பட்ட சாலையே, வண்டியும் டோங்காவும் சிரமமின்றி ஏற வழி செய்தது. குன்னூருக்குக் கீழே அவர் பெயரால் ஓர் அருவி இன்னும் வழங்குகிறது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்து சேர்ந்தபின், மலைக்குப் போகும் சகல சரக்கும், மலையிலிருந்து இறங்கும் காப்பியும் தேயிலையும் சிங்கோனாப் பட்டையும், 1899-இல் மலைரயில் குன்னூரை எட்டும் வரையில், பெரும்பாலும் இந்தச் சாலையையே நம்பியிருந்தன. மாடுகள் இளைப்பாறும் இடத்தில் வைக்கோல் விற்பவனும், வண்டிக்காரன் பசியாறும் இடத்தில் சோற்றுக்கடைக்காரனும், அவர்களை அடுத்துப் பலசரக்குக் கடைக்காரனும் தோன்றுவது இயல்பு. கடை தோன்றிவிட்டால் இரவில் அதை அடைக்க வேண்டும். அடைப்பதற்கு நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்த சாதனம் பலகை.

இக்காலத்து இளைஞர்களிற் பலர் கடைப்பலகையைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆதலால் அதன் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்லலாம். கடையின் முகப்பு முழுவதும் திறந்தே இருக்கும். கீழே வாசற்கட்டையிலும் மேலே உத்தரத்திலும் நெடுக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை அகலமும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனமும், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட நீளமும் உள்ள பலகைகளை, கீழ்க்காடியின் ஒரு கோடியில் உதட்டைச் செதுக்கி விட்டிருக்கும் வாய் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, மறுகோடி வரை தள்ளிக்கொண்டு போய் வரிசையாக நிறுத்துவார்கள். கடைசிப் பலகை வாயிலேயே நின்றுவிடும். அதற்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையைப் போட்டுக் கொண்டியில் பூட்டினால் கடை அடைபட்டது. ஒவ்வொரு பலகையும் தன் பக்கத்துப் பலகையோடும் தனக்குரிய இடத்துக் காடியோடும் உராய்ந்து உராய்ந்து ஒரு தனி வடிவத்தை அடைந்துவிடுவதால், மூன்றாவது பலகையை ஐந்தாவது இடத்தில் நிறுத்தினால் ஒன்று இறுகும், அல்லது இடைவெளி விடும். ஆகவே பலகையின் உட்புறத்தில் எண்ணைச் செதுக்கி வைத்தார்கள். சில கடைகளில் தமிழ் எண்கள், சிலவற்றில் வெறும் உளிக்கோடுகள். விடியற்காலையில் கடைப்பையன் அவற்றைக் கழற்றிச் சுவரோரம் சார்த்துவதும், இரவில் எண் பார்த்து மாட்டுவதும் அவனுடைய தொழிற்பயிற்சியின் முதற்பாடமாயிருந்தன.

பலகை கெடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மலைப்பாதையின் இந்தப் பகுதியில் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையே பிரதானமானது. சாலையில் விழும் துளிகள் தெறித்து வந்து தாக்குவது பலகையின் அடியைத்தான். அதோடு தினந்தோறும் வாசல் தெளிக்கிற தண்ணீரும் காடியில் தேங்குகிறது. ஆகவே தலைப்பாகம் வைரம்போல் இருக்கையிலேயே, காடிக்குள் நிற்கும் நாலுவிரல் அளவு உளுத்துப் போய்விடும். கடைக்காரர் ஆசாரியை அழைத்து, “ஏனுங்க ஆசாரியாரே, இது தேறுங்களா?” என்று கேட்பார். ஆசாரி பதில் சொல்வதற்கு முன் உளிப்பிடியால் பலகையை அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போவார். மந்தமான ஓசை மாறிக் கணீரென்று கேட்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோடு முழங்காலுக்குக் கீழே இருந்தால், “தேறுமுங்க, கால் மட்டும் கட்டிக் குடுத்தாப் போதும்” என்பார். மேலே ஏறிவிட்டால் ஒன்றும் பேசாமல் அளவுகோலை எடுப்பார்.

கால் கட்டுவதாவது: உளுத்த பாகத்தைச் சாய்வாக அறுத்தெறிந்து, அதே சாய்வில் அறுத்த புதுத்துண்டைப் பொருத்தி, இரண்டையும் ஊடுருவத் துளையிட்டு மரமுளைகளால் இறுக்குவது. இரும்பாணி அடித்தால் ஈரத்தில் துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கச் செய்து தின்றுவிடும் என்பது அனுபவமுள்ள தச்சர் எல்லோரும் அறிந்த விஷயம். இதைவிடச் சுருக்கமான உபாயமும் ஒன்று இருந்தது. பலகையைத் தலைகீழாக நிறுத்தி, உளுத்த முனையை மழை எட்டாத மேற்காடிக்குள் மறைத்துவிடுவார்கள். குன்னூர்க் கடைத்தெருவில் பழைய கடை ஒன்றைப் பிரித்து அடுக்கியிருந்ததை ஒருமுறை பார்க்க நேர்ந்தபோது, ஏழெட்டுப் பலகைகளுக்கு நடுவே இரண்டில் மட்டும் எண்கள் தலைகீழாக இருப்பதைக் கண்டேன். அவற்றில் ஒன்றுக்குப் பின்னர் காலும் கட்டியிருந்தார்கள். இரண்டு தடவை மரணத்தை ஏமாற்றிய பலகை என்று அதைச் சொல்லலாம்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வியை அக்காலத்தில் சேதத்தின் அளவு மட்டும் நிர்ணயித்ததில்லை என்பதே என் அபிப்பிராயம். பர்லியாரைச் சுற்றிப் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. பலாப்பலகை கதவுக்கு நன்றாக உழைக்கும். மேலேயுள்ள குன்னூரிலோ கைக்கெட்டிய மரம் வேறு. 1843-ஐ ஒட்டி நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டுப் பிற்பாடு விறகுக்காகக் காடுகாடாக வளர்க்கப்பட்ட கற்பூரத்தைல மரம் உலரும்போது முறுக்கிக்கொள்ளும், பிளந்தும் போகும். காடியில் ஓட வேண்டிய பலகைக்கு அது உதவாது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் இலகுவானது, ஆனால் ஈரத்தைத் தாங்காது. ஆகவே ஒரே விதமான சேதத்துக்குக் கீழே புதுப்பலகையும் மேலே ஒட்டுப் போடுதலுமே புத்திசாலித்தனமாகத் தோன்றியிருக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டில் மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தபின், நினைத்த மாத்திரத்தில் மரத்தை வெட்டுவது முடியாத காரியமாயிற்று. காட்டுக்கு அது க்ஷேமம், ஒட்டுப் போடும் ஆசாரிக்கும் அது க்ஷேமம்.

மழையைத் தவிர இந்தப் பாதையில் கதவுகளுக்கு வேறு சத்துருக்களும் உண்டு. பலா பழுக்கும் காலத்தில் சமவெளியை ஒட்டிய காடுகளிலிருந்து யானைகள் பர்லியார்ப் பக்கம் ஏறி வருவது ஆண்டுதோறும் நடப்பது. மணம் வருகிற இடத்தில் கதவு இருந்தால் அதைக் கதவென்று அவை மதிப்பதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் கரடி தேயிலைத் தோட்டங்களின் வழியே ஊருக்குள் இறங்கி, கோயிலில் விளக்கெண்ணெய்க்காகவும் கடையில் தின்பண்டத்துக்காகவும் கதவை உடைப்பது அடிக்கடி கேள்விப்படுகிற சமாசாரம். பலகை அடைத்த கடையில் இத்தகைய விருந்தாளி வந்து போனால் இரண்டு பலகை முறியும், மற்றவை நிற்கும். மறுநாள் மாலைக்குள் ஆசாரி அந்த இரண்டை மட்டும் செய்து கொடுத்துவிடுவார்.

சுருளும் இரும்புக் கதவாகிய ஷட்டர் வந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் மாறிப்போயிற்று. அதை வரவேற்றவர்களைக் குறை சொல்ல இடமில்லை. காலையிலும் இரவிலும் கனத்த பலகைகளைத் தூக்கிய கடைப்பையனுடைய தோளைக் கேட்டால், ஒரே இழுப்பில் திறந்து ஒரே இழுப்பில் மூடும் இரும்பை அவன் தெய்வமாகவே கொண்டாடுவான். திருடனுக்கும் அது பலகையைப்போல் எளிதில் வழிவிடுவதில்லை. ஆனால் ஷட்டரில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் பட்டைகள் தனித்தனியாகத் தோன்றினாலும் தனித்தனியாக வாழ்வதில்லை. நடுவில் ஒரு பட்டை நசுங்கினால் பக்கத்து இரும்புக் காடியில் அது சிக்கி, முழுக்கதவும் மேலே சுருள மறுக்கிறது. அந்த ஒரு பட்டையை மாற்ற வேண்டுமானாலும், திரையை இறக்கித் தெருவில் கிடத்தி, பட்டையைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். உருவிய இடத்தில் நுழைகிற புதுப்பட்டையின் விளிம்புச் சுருட்டு பழையதன் சுருட்டோடு மயிரிழையும் பிசகாமல் இணங்க வேண்டும். பட்டறைக்குப் பட்டறை அச்சு வேறுபடுவதால் இணங்குவது அரிது. “இதுக்கு ஜோடி கிடைக்காதுங்க, புதுசாவே போட்டுக்கலாம்” என்று பட்டறைக்காரர் சொல்லுகிறபோது அவர் பொய் சொல்லவில்லை.

எஸ்டேட் பங்களாக்களின் மோட்டார் ஷெட்டுகளுக்கு வேறொரு சரித்திரம். தோட்டத்துரைமார் கார் வாங்கத் தொடங்கிய காலத்தில், குறுக்குச் சட்டமும் சாய்வுச் சட்டமும் அடித்த இரட்டைப் பலகைக் கதவுகளே அவற்றுக்குப் போதுமானவையாயிருந்தன. தோட்டத்துத் தச்சரே அவற்றைச் செய்தார், அவரே செப்பனிட்டார். இதே காலத்தில் அமெரிக்காவில், பனி குவிந்த முற்றத்தில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு சங்கடமாயிருந்தது. அங்கே 1921-இல் ஜான்சன் என்பவர், படுக்கைவசமான பலகங்களைக் கீல்களால் இணைத்து, பக்கத் தண்டவாளத்தில் மேலே ஏறிக் கூரைக்கடியில் மடிந்து கிடக்கும் கதவை உருவாக்கினார். நம் கடைப்பலகையைப் படுக்கவைத்து ஒன்றோடொன்று கட்டியதுபோன்ற அந்த அமைப்பு இன்று குன்னூர்ப் பக்கத்துப் புது வீடுகள் சிலவற்றிலும் வந்துவிட்டது. கீலை அவிழ்த்து ஒரு பலகத்தை மட்டும் மாற்றலாம் என்பது அதன் நற்குணம். இடையூறுகள் பின்னால் வருகின்றன. சில ஆண்டுகளில் உற்பத்திசாலை அந்த வார்ப்பைக் கைவிட்டிருக்கும். கிடைத்தாலும், வெயிலில் வெளிறிய மூன்று பலகங்களுக்கிடையே புதியது பளிச்சென்று தனித்து நிற்கும். மாற்றியது பழையதைவிடக் கனமாயிருந்தால், கதவின் எடைக்கேற்ப முறுக்கி வைத்த ஸ்பிரிங்கின் கணக்கே தவறிப்போய், கதவு பாதியில் நிற்கவோ சட்டென்று இறங்கவோ செய்யும். மேல்தகடு மட்டும் நெளிந்திருந்தால் தட்டி நிமிர்த்தலாம். கீல் பிடிக்கும் விளிம்பு மடங்கியிருந்தாலோ, தகடு கிழிந்து உள்ளேயுள்ள நுரைக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலோ அந்தப் பலகத்தைக் காப்பாற்ற முயல்வது வீண். பர்லியாரின் ஈரத்தில் இந்தக் கடைசி விஷயத்தைச் சற்றுக் கண்டிப்பாகவே கவனிக்க வேண்டும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற தீர்மானம் பலகையின் காலத்தில் சிறியது, அடிக்கடி எடுக்கப்படுவது, ஆசாரியின் நகக்கோட்டுக்குள் அடங்குவது. இப்போது அது பெரியது, அபூர்வமானது. கடைக்காரருக்குப் பதிலாகத் தொலைவிலுள்ள உற்பத்திசாலையே எப்போதோ அதை எடுத்து முடித்துவிடுகிறது. அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவது அசாத்தியமன்று என்பதற்கு இந்த மலைச்சரிவிலேயே ஓர் அத்தாட்சி ஓடுகிறது. மலைரயிலின் பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்து ஆலையில் 1914 முதலாகவும், கடைசித் தொகுதி 1952-லுமாகச் செய்யப்பட்டவை. அதன்பின் அவற்றுக்கு உதிரிப்பாகம் தருவார் இல்லாமற்போனபோது, குன்னூர் ஷெட்டில் ஒன்றைக் கழற்றி மற்றொன்றுக்கு மாட்டியும், தேய்ந்ததைச் செப்பனிட்டும், இல்லாததைப் பொன்மலை ரயில் பட்டறையில் வார்த்தும் காலத்தை ஓட்டினார்கள். இப்படிப் பாகம் பாகமாகச் செய்து பழகிய பொன்மலைத் தொழிலாளர், 2011-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், அதே வகையில், எண்ணெயால் ஓடும் நான்கு முழு எஞ்சின்களைப் புதிதாகவே செய்து மலைக்கு அனுப்பினார்கள்.

ஷட்டர்ப் பட்டைக்கு அப்படியொரு பட்டறை இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே, புதிதாக ஷட்டர் போடுகிற கடைக்காரர் என்னைக் கேட்டால், அதே அச்சில் நான்கு பட்டைகளைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவைக்கும்படியும், கார் ஷெட்டுக்குப் பலகக் கதவு வைக்கிறவர் ஒரு பலகத்தை அவ்வாறே வாங்கி நனையாத இடத்தில் வைக்கும்படியும் சொல்வேன். அடுத்த பலாப்பருவத்தில் யானை வந்து போனால், கடையை எத்தனை நாள் திறந்தபடி காவல் காப்பது என்ற கேள்வியாவது குறையும்.