மாநிலம் கடந்த விற்பனை வரியும் மதுரைச் சிறுவணிகமும்

டிராப் ஷிப்பிங் என்பது, வணிகர் சரக்கைத் தம்மிடம் இருப்பு வைக்காமல், உற்பத்தியாளரிடமிருந்து நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பச் செய்யும் விற்பனை முறையாகும். மதுரை வணிகர் ஒருவர் சூரத்துச் சேலையைப் பெங்களூருக்கு விற்றால், சரக்கு மதுரைக்கு வருவதே இல்லை. இதில் எந்த மாநிலத்திற்கு வரி சேரும் என்ற சிக்கல் இணைய வணிகத்திற்கு முந்தையது.

தொடக்கம்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், சரக்கு விற்பனைக்கு வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்கு அளித்தது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, இராஜாஜி அமைச்சரவை 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுரையும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்த சிறு கடைக்காரர்களுக்கு வரி இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

அரசியலமைப்பின் 286ஆவது உறுப்பு, வெளிமாநில விற்பனைக்கு வரி விதிப்பதைக் கட்டுப்படுத்தியது. எனினும், 1953இல் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில், சரக்கு நுகர்வுக்காக ஒப்படைக்கப்படும் மாநிலம் வரி விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. இதனால் ஒரே வணிகர் பல மாநில அதிகாரிகளுக்குக் கணக்குக் காட்டும் நிலை வந்தது. 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு அரசியலமைப்பு திருத்தப்பட்டு, மத்திய விற்பனை வரிச் சட்டம் 1956 இயற்றப்பட்டது. சரக்கு புறப்படும் மாநிலமே இவ்வரியை வசூலித்து வைத்துக்கொண்டது.

வழியில் விற்பனை

இச்சட்டத்தின் 6(2) பிரிவு, இன்றைய டிராப் ஷிப்பிங்கிற்கு முன்னோடி எனலாம். எடுத்துக்காட்டாக, இந்தூரிலிருந்து பருப்பு வாங்கிய மதுரை வணிகர், சரக்கு வழியில் இருக்கும்போதே இரயில்வே ரசீதைக் கொல்லம் வணிகரின் பெயருக்கு எழுதிக்கொடுத்து விற்க முடிந்தது. வாங்குபவர் பதிவு பெற்றவராக இருந்தால் இவ்விரண்டாம் விற்பனைக்கு வரிவிலக்கு இருந்தது. ஆனால் ஈ-1, சி ஆகிய படிவங்களைப் பெற்றுத் தர வேண்டியிருந்தது. படிவம் வராவிட்டால் வரிச்சுமை மதுரை வணிகரின் தலையில் விழுந்தது.

ஜிஎஸ்டி காலம்

1.7.2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், வரி சரக்கு சென்று சேரும் மாநிலத்திற்கு உரியதாயிற்று. ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 10(1)(ஆ) பிரிவின்படி, மேற்கண்ட சேலையை மதுரை வணிகரே பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும். எனவே இரண்டு பட்டியல்கள் எழுதப்படும். சூரத்து உற்பத்தியாளர் மதுரை வணிகருக்கும், மதுரை வணிகர் பெங்களூர் வாடிக்கையாளருக்கும் ஒருங்கிணைந்த வரி விதிப்பர். முன்னதில் செலுத்திய வரியைப் பின்னதில் கழித்துக்கொள்ளலாம். உற்பத்தியாளர் தம் பட்டியலைக் கணக்கில் பதிவேற்றாவிட்டால் இக்கழிவு கிடைக்காது.

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு, 2019 ஏப்ரல் முதல் 40 இலட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. சில கைவினைப் பொருள்கள் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, வெளிமாநிலத்திற்குச் சரக்கு விற்பவர்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது. முதல் விற்பனைக்கே பதிவு தேவை. குறைந்த வரியுடைய இணக்கத் திட்டத்திலும் அவர்கள் சேர இயலாது. 2023 அக்டோபர் முதல் இணையச் சந்தைகள் வழியாக விற்கும் சிறு வணிகர்களுக்குத் தரப்பட்ட பதிவு விலக்கும் மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனைக்கே உரியது.

1939இல் சிறு வணிகருக்கு விலக்கு அளித்தது அவரது விற்றுமுதலின் அளவு. இன்று அவ்வளவுடன் மாநில எல்லையும் சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்தபடி மாதம் பத்துச் சேலை விற்பவரும், அவற்றுள் ஒன்று ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்குச் சென்றால், பெருவணிகரைப் போலவே பதிவு பெற்றுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவராகிறார்.