தோட்டத்து மண்ணில் பிறந்த புனல்

ஒரு கண்ணாடிப் புனல். அதன் காம்பில் ஒரு துண்டு ரப்பர் குழாய். குழாயை இறுக்கி அடைக்க ஒரு கிளிப். புனலின் வாயில் கம்பி வலை, வலைமேல் மெல்லிய துணி. புழு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியதைத் துணியில் வைத்து, அதன் அடி நனையும் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது. மிச்சத்தைப் புழுவே பார்த்துக்கொள்ளும். இளம்புழுக்கள் துணியின் கண்கள் வழியே நெளிந்து தண்ணீருக்குள் வரும். மேலே நீந்தி ஏறத் தெம்பில்லாததால் காம்புக்குள் இறங்கித் தங்கிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, கிளிப்பைத் தளர்த்தி, முதலில் விழும் சொட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியதுதான்.

இதை 1917இல் எழுதி வெளியிட்டவர் குஸ்டாவ் பேர்மான். டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவில் தோட்டக் கூலிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் தேடியது கொக்கிப்புழுவை. அதுவும் மலத்தில் அல்ல, மண்ணில். கூலிகள் எந்த மண்ணை மிதித்து நோயை வாங்குகிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தத் தோட்டங்களுக்குச் சீனர், ஜாவாக்காரரோடு நம்மவர்களும் கப்பலேறிப் போனார்கள். மேடான் நகரில் கம்போங் மெட்ராஸ் என்ற பேட்டை இன்றும் இருக்கிறது.

மண்ணுக்காகச் செய்த புனல் பிற்பாடு மலப் பரிசோதனைக்கு வந்தது. அதற்குக் காரணம் மண்ணிலிருந்தே காலில் ஏறும் வேறொரு புழு: ஸ்ட்ராங்கிலாய்டிஸ். வியட்நாமிலிருந்து திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் 1876இல் துலோன் துறைமுகத்தில் லூயி நோர்மான் கண்டுபிடித்தது. பெண்புழு இரண்டு மில்லிமீட்டர்தான். முட்டையிட ஆண் தேவையில்லை. முட்டை குடலிலேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் கிடைப்பது இளம்புழு மட்டும். அதுவும் சொற்பமாக, சில நாள் இல்லாமலும் போகும். ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கும் வழக்கமான சோதனைக்கு அது லேசில் சிக்காது. கொஞ்சம் அதிகமான மலத்தைப் புனலில் வைத்தால் சிக்க வாய்ப்புண்டு.

கொக்கிப்புழுவுக்குச் சில வருஷ ஆயுள்தான். இதுவோ வெளியே போகும் முன்பே உருமாறி, குடல் சுவரையோ தோலையோ துளைத்து அதே உடம்புக்குள் திரும்ப ஏறிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துப்போன பிரிட்டிஷ் போர்க்கைதிகளை லிவர்பூல் மருத்துவர்கள் சோதித்து 1979இல் எழுதினார்கள். ஊர் திரும்பி முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பலர் வயிற்றில் புழு உயிரோடு இருந்தது. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துப்போகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிழைத்து வந்தவர்கள் வயிற்றை யார் சோதித்தார்கள்?

நல்ல உடம்பில் இந்தப் புழு சத்தம் காட்டாது. மாற்று உறுப்பு பெற்ற உடம்பு அப்படியல்ல. வந்த உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கத் தரும் ஸ்டீராய்டு, எதிர்ப்பைத் தணிக்கும். புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும். போகும்போது குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் கூட்டிப்போகும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றுவது கஷ்டம். ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு ஏறினால் சந்தேகப்படலாம். ஆனால் ஸ்டீராய்டு அதையும் அமுக்கிவிடும். எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் என்ற பழைய மாத்திரைக்குப் புழுவையும் ஒடுக்கும் குணம் இருந்தது. இப்போது பரவலாகத் தரும் டாக்ரோலிமஸை அதற்கு நம்ப முடியாது. சில நேரம் புழு, தானம் செய்தவரின் உறுப்போடு சேர்ந்தே வந்துவிடுவதும் உண்டு.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்று ரிஷிவந்தியம் பக்கத்துக் கரும்புக் கழனியிலிருந்தும், கல்வராயன் மலையின் மரவள்ளிக் கொல்லையிலிருந்தும் கிட்னிக்காக ஒருவர் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போனால், ரத்த வகைக்கு அடுத்தபடியாக அவரிடம் கேட்க வேண்டியது: சேற்றில் செருப்பில்லாமல் எத்தனை காலம் வேலை செய்தீர்கள்? தானம் தரும் அம்மாவிடமோ அண்ணனிடமோ இதையே கேட்க வேண்டும். பிறகு எதிர்ப்புப்பொருள் பார்க்கும் ரத்த சோதனை, கூடவே மலம். அறுவைக்கு முன்பே ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துத் தீர்த்துவிடுவது சுலபம். பின்னால் என்றால் மலத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எதிர்ப்பு தணிந்த உடம்பில் ரத்த சோதனை பொய் சொல்லலாம். மலம் புதிதாக இருக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று லேப்காரர் சொல்வது இந்தப் புனலுக்காகத்தான்: குளிரில் புழு செத்தால் இறங்கி வர ஆளில்லை. புனலுக்குப் போட்டியாக 1980களின் கடைசியில் ஒகினாவாவில் அகார் தட்டு முறை வந்தது. தட்டில் ஊரும் புழு பாக்டீரியாவை இழுத்துக்கொண்டே போய்க் கோடு கோடாகத் தடம் போடும். அது கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் ஒரு மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 பேரிடம் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இருந்தால் ஊருக்கே ஐவர்மெக்டின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்தது. எந்த ஊரில் அந்த ஐந்து பேர் என்று தெரிய, கொக்கிப்புழு முட்டை எண்ணும் காட்டோ-காட்ஸ் சோதனை உதவாது. மலைக்குக் கணக்கெடுக்கப் போகும் குழு ரத்தம் எடுக்கும் ஊசியோ அகார் தட்டோ இந்தப் புனலோ கொண்டுபோக வேண்டும்.