முகத்தில் மஞ்சள் வேண்டாம்

நாளைக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவைக்க வருகிறவர்களிடம் என் தாத்தா இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவாராம். பெண்கள் முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிக்காமல் வர வேண்டும். ஆண்கள் வெற்றிலை போடாமல் வர வேண்டும். ஊர் கும்பகோணம். கொழுந்து வெற்றிலைக்குப் பேர்போன ஊரில், காலைக் காப்பி முடிந்ததும் வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கிற மிராசுதாரிடம் இதைச் சொல்வதற்கே தனித் துணிச்சல் வேண்டும். மஞ்சள் விஷயம் அதைவிடச் சங்கடம். "சுமங்கலியப் பார்த்து மஞ்சளக் கழுவிட்டு வான்னு சொல்றியே, நல்லாருக்காப்பா?" என்று ஒரு பாட்டி தாத்தாவைப் பிடித்துக்கொண்ட கதை எங்கள் வீட்டில் வெகுகாலம் ஓடியது. தாத்தா அசரவில்லையாம். "கழுத்துல, கையில எவ்வளவு வேணாலும் பூசிக்குங்கம்மா. மொகத்த மட்டும் எனக்குக் குடுங்க" என்றாராம்.

அவர் ஆசாரத்துக்கு விரோதி இல்லை. சாரங்கபாணியைச் சேவிக்காமல் கடை திறக்காதவர். சிக்கல் படம் பிடிக்கும் கண்ணாடித் தகட்டில் இருந்தது. அதன்மேல் பூசியிருந்த வெள்ளி உப்பு நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும். மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. மஞ்சள் பூசிய முகம் நேரில் பளபளக்கும், படத்தில் கறுத்துப் போகும். வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு கரியாக வரும். குங்குமம் கறுப்பு. அரக்கு நிறக் கூறைப்புடவை கறுப்பு, அதில் ஜரிகை மட்டும் வெள்ளைக் கோடாக எழும். இதற்கு நேர்மாறாக வெளிர்நீலப் புடவை வெள்ளையாகவே விழுந்துவிடும். கட்டுக்கழுத்தியாக வந்தவள் வெள்ளைச் சேலைக்காரியாகப் படத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வெளிர்நீலத்துக்கும் எங்கள் ஸ்டூடியோவில் தடை உண்டு.

தாத்தா தொடங்கிய தொழில் அது. அப்பா அதை எடுத்து நடத்தினார். நான் பள்ளிப் படிப்பை முடித்ததும் டச்சிங் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். இப்போது கடை இல்லை. ஆனால் பழைய படம் எதையாவது யாராவது நீட்டினால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த முகத்தை அன்று எப்படித் தயார் செய்திருப்பார்கள் என்றுதான் என் புத்தி ஓடுகிறது.

புகைப்படம் என்ற வித்தை 1839-இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சென்னைக்கு அது வெகுதாமதமாக வந்துவிடவில்லை. கலைப் பள்ளியை 1850-இல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் போன்றவர்களின் முயற்சியில் 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் பெரிய பெரிய படங்களாக எடுத்தார். கோயிலை எடுப்பதில் ஒரு சௌகரியம், கோபுரம் கண் சிமிட்டாது. மனிதர்களை எடுக்கும் வியாபாரம் சென்னையில் நிக்கலஸ் போன்ற வெள்ளைக்காரர் கம்பெனிகளில் நடந்தது. ஈரத் தகட்டுக் காலம் அது. ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். நம் வெயிலுக்கு அது எவ்வளவு நேரம் ஈரமாக இருந்திருக்கும்! மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1871-இல் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழி சொன்னார். 1880-களில் அது பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்தது. என் தாத்தா மாதிரி வேதியியல் படிக்காத ஆட்கள் சின்ன ஊர்களில் போர்டு மாட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

மின்சார விளக்கு வரும்வரை ஸ்டூடியோ என்றால் கண்ணாடிக் கூரை. ஆங்கிலக் கையேடுகள் கூரை வடக்குப் பார்த்துச் சரிய வேண்டும் என்று சொல்லும். லண்டனில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும்; வடக்கிலிருந்து நிழல் கலந்த மென்மையான வெளிச்சம் மட்டும் இறங்கும். கும்பகோணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் கிடக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். கையேட்டை நம்பிக் கூரை போட்டவர் தலையில் நேர் வெயில். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அது பிழைத்துப் போகும். கல்யாணமும் வெயிலும் சேர்ந்து வருகிற வைகாசிதான் வதைக்கும். கூரைக்கடியில் வெள்ளை மல் துணியை வளையங்களில் கோர்த்து, கயிற்றால் இழுத்தும் தளர்த்தியும் வெளிச்சத்தைப் பதப்படுத்துவார்கள். அந்தக் கயிற்றை இழுப்பதுதான் சின்ன வயதில் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை.

நல்ல வெளிச்சம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், சனிக்கிழமை ஒன்பதுக்கே. சூரியன் ஒத்துக்கொள்ளும் நேரத்தைப் பஞ்சாங்கம் ஒத்துக்கொள்ளாது. வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ராகுகாலம் போகட்டும் என்று. அதற்குள் குழந்தை தூங்கிவிடும், பவுடர் வியர்வையில் கரைந்துவிடும், மறுபடி பூச வேண்டும்.

தாத்தாவின் கேமராவில் ஷட்டர் கிடையாது. லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, திரும்பவும் மூடுவார். அந்த மூன்று எண்ணும்வரை உடம்பு ஆடாமல் இருக்கத்தான் இத்தனை நாற்காலியும் டீப்பாயும். நிற்கிறவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்வார். உட்கார்ந்தவர் முழங்கையை மேஜைமேல் ஊன்றுவார். கைக்கு வேலை வேண்டும் என்பதற்காக ஒரு புத்தகம். முதுகுக்குப் பின்னால், படத்தில் தெரியாதபடி, கவைபோல ஓர் இரும்புத் தண்டு நின்று பிடரியைத் தாங்கும். பல்லைக் காட்டிச் சிரிப்பதை மூன்று எண்ணிக்கைக்கு யாரும் தாக்குப்பிடிக்க முடியாது, அசட்டுக் களை வந்துவிடும். அந்தக் கால மனிதர்கள் கடுகடுப்பானவர்கள் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த மிராசுதார்கள் மூடி மாட்டிய மறுநிமிஷம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள், பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அலங்கார அறை என்பது ஒரு தட்டி மறைப்புதான். உள்ளே ஆளுயரக் கண்ணாடி, யாரும் கொண்டுபோகாமல் இருக்கச் சணலில் கட்டிய சீப்பு, குட்டிக்கூரா பவுடர் டப்பா. நெற்றியில் எண்ணெய் வழிந்தால் வெளிச்சம் பட்டுத் திட்டாகத் தெரியும், அதனால் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. எல்லா உடம்புக்கும் அது ஒன்றுதான். ஒல்லி ஆசாமிக்குப் பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கிவிடுவோம், பருத்தவருக்குப் பொத்தான் போடாமல் அங்கவஸ்திரத்தைக் குறுக்கே விடுவோம். மார்பளவுப் படத்துக்கு மேலே கோட்டு, கீழே வேட்டியும் வெறுங்காலும். இரவல் கைக்கடிகாரம் உண்டு. அது ஓடாது. ஓடத் தேவையும் இல்லை.

பின்னால் தொங்கும் திரையில் அரண்மனைப் படிக்கட்டும் தூணும், தூரத்தில் ஓர் ஏரியும். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய ஒருவர் சாம்பல் நிறச் சாயல்களில் எழுதியது. இதையெல்லாம் இன்று பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டுமுறையோ படம் எடுத்துக்கொள்கிற குமாஸ்தா, தினசரி இருக்கிறபடியே எதற்கு வந்து நிற்க வேண்டும்? கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டால் யாரும் பொய் என்பதில்லையே.

எல்லாவற்றிலும் கஷ்டமானது பூ ஜடைப் படம். பெண் பெரியவளானாலும், வளைகாப்பு நடந்தாலும், தாழம்பூவும் மல்லிகை மொட்டும் கனகாம்பரமும் வைத்துத் தைத்த ஜடையோடு அழைத்து வருவார்கள். தைத்து முடிக்க அரை நாள். வாடுவதற்குள் எடுத்தாக வேண்டும். முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் ஜடையும் தெரிய வேண்டும். அதற்காகப் பெண்ணுக்குப் பின்னால் சாய்வாகப் பெரிய கண்ணாடி. கேமராவும், கறுப்புத் துணிக்குள் குனிந்திருக்கும் அப்பாவும், பெண்ணின் அம்மாவும் அத்தைகளும் கண்ணாடியில் விழாத கோணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அடுத்தது போகஸ். கண்ணாடிக்குள் இருக்கும் ஜடை, கேமராவைப் பொறுத்தவரை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அதே தூரத்தில் நிற்கிறது. முகம் ஓர் இடம், ஜடை வேறோர் இடம். இரண்டும் துல்லியமாக வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும். குறைந்தால் அதிக நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண், தலையில் அத்தனை கனம், சுற்றிலும் உறவுக்கூட்டம், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாத வெட்கம். "ஆடாத பாப்பா, இன்னும் கொஞ்சம்" என்று அப்பா கெஞ்சுவார். இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும் கனகாம்பரம் அந்தத் தகட்டில் இருண்டுதான் போகும். மல்லிகை மட்டும் வெளிச்சமாக நிற்கும். அதனால் அப்பா பூக்காரிக்கே சொல்லியனுப்புவார், மல்லிகையை ஓரத்திலும் நடுவிலும் தாராளமாக வைக்கும்படி.

படம் எடுத்து முடிந்ததும் என் வேலை தொடங்கும். சாய்வான மரச்சட்டம், நடுவில் தேய்த்த கண்ணாடி, அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும் முகக்கண்ணாடி. நெகட்டிவ்மேல் மீடியம் என்ற திரவத்தைப் பஞ்சால் மெல்லத் தடவினால் பென்சில் பிடிக்கும். நாலு எச், ஆறு எச் பென்சில்களை உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிக்கொள்ள வேண்டும். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், கன்னச் சுருக்கம் இவற்றைப் புள்ளிகளால் நிரப்புவேன். வைரத்தோடு மின்னவில்லை என்று குறைப்பட்டால் அங்கேயும் ஒரு புள்ளி.

நான் சேர்ந்த காலத்தில் அதிகம் நிரப்பியது அம்மைத் தழும்புகளை. ஊரில் பாதிப் பேர் முகத்தில் அது இருந்ததுபோல் எனக்கு ஞாபகம். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-இல். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் ஸ்டூடியோவுக்கு வரத் தொடங்கியபோது டச்சிங் வேலையில் பெரும்பகுதி சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. பெண் பார்க்க அனுப்பும் படங்களில் மட்டும் வேறொரு கட்டளை குறையவே இல்லை: கொஞ்சம் சிவப்பாகப் போடுங்கள். அதைக் கேட்கிற அப்பாக்களிடம் எனக்கு ஒருநாளும் மரியாதை வந்ததில்லை. பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

எங்கள் ஊர்க்காரர் கணிதமேதை ராமானுஜனின் புகழ்பெற்ற படத்தைப் பார்க்கும்போது இந்தத் தயாரிப்புகள் எதுவும் அதில் இல்லையே என்று தோன்றும். 1919-இல் இங்கிலாந்திலிருந்து திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம் அது. திரையும் இல்லை, டீப்பாயும் இல்லை. நோயாளியின் முகம், அந்தக் கண்கள். மறு ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். அவரை ஆதரித்த கணிதவியலாளர் ஹார்டி ஒரு நல்ல படம் வேண்டுமென்று கேட்டதற்காக, வானியற்பியலாளர் சந்திரசேகர் 1936-இல் இந்தியா வந்தபோது ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கிப்போனது அதைத்தான். எங்கள் கைக்கு வந்திருந்தால் கன்னத்தை நிரப்பிக் கெடுத்திருப்போம்.

படத்துக்குத் தயாராகும் விதிகளில் பாதி, காரணம் போன பிறகும் தங்கிவிட்டன. ஆர்த்தோக்ரோமேட்டிக் தகடுகள் வந்தபோது மஞ்சள் ஓரளவு தப்பித்தது, சிவப்பு தப்பவில்லை. பான்க்ரோமேட்டிக் பிலிம் பரவியபோது குங்குமமும் வெற்றிலை உதடும்கூடப் பழைய அளவுக்குக் கறுக்கவில்லை. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, இந்து என்ற பெயரில் பிலிம் கிடைக்க ஆரம்பித்த பிறகும் அப்பா வருகிறவர்களிடம், "மொகத்துல மஞ்சள் வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷட்டர் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரமே திறந்தது; ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 1968 மகாமகத்துக்கு வந்த கூட்டம் குளத்தில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு ஸ்டூடியோ வாசலில் வரிசை கட்டியது. அதில் ஒருவருக்கும் நிற்கும் முறையைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் அவர்களுடைய தாத்தா எப்படி நின்றாரோ, அப்படியே வந்து நின்றார்கள். மூன்று பேராகப் படம் எடுக்கக் கூடாது என்பது மட்டும் எந்தத் தகட்டிலிருந்து வந்ததென்று அப்பாவுக்கும் தெரியாது. அப்படி மூவர் வந்துவிட்டால் நடுவில் இருப்பவர் கையில் ஒரு மரப்பாச்சியைக் கொடுத்து நாலாக்கிவிடுவோம்.

கலர் லேப்கள் வந்து 1980-களின் நடுவிலேயே என் பென்சில்கள் ஓய்ந்தன. கலர் நெகட்டிவில் பென்சில் வேலை செல்லாது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கண்ணாடி நெகட்டிவ்கள் பல ஊர்களில் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன. வெந்நீரும் சோடாவும் போட்டு ஜெலட்டினைக் கழுவினால் நல்ல கண்ணாடி. சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். பாட்டியின் நெகட்டிவ் இருக்குமா என்று என்னிடம் கேட்டுவருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டுப் படத்தின் அட்டையைப் புரட்டுங்கள், பென்சிலில் ஓர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அறுபதுக்குப் பிந்தைய பிலிம் உறைகள் எண்வாரியாக என் பரணில் இருக்கின்றன.