சரபோஜி நிறுத்திய சலவைக்கல்



தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அண்மையில், சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. சுவார்ட்ஸ் ஆலயம் என்பதே ஊரார் வழங்கும் பெயர். அதனுள்ளே சலவைக்கல்லில் செதுக்கிய காட்சி ஒன்று உண்டு. மரணப் படுக்கையில் கிடக்கும் முதிய போதகரின் கரத்தை இளம் அரசர் ஒருவர் பற்றியிருக்கிறார். அருகே பிள்ளைகள் நிற்கின்றனர். போதகர் சுவார்ட்ஸ் ஐயர். அரசர் இரண்டாம் சரபோஜி. இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு இதைச் செய்வித்தவர் அந்த அரசரே.

1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்த சுவார்ட்ஸ், 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்து, பின்பு தஞ்சையில் நிலைத்தார். ஹைதர் அலியின் படையெடுப்பால் காவிரிப் பாசன நாடு சீரழிந்த நாள்கள் அவை. உழவர் ஊரைவிட்டு ஓடினர்; வயல்கள் தரிசாயின; பஞ்சத்தில் மக்கள் மடிந்தனர். அரிசி வாங்கிப் பசித்தோருக்குப் பகிர்ந்தளித்தார் சுவார்ட்ஸ். அதிகாரிகளின் வாக்கை நம்ப மறுத்த உழவர், அவருடைய வாக்கை நம்பி ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து ஏர் பூட்டினர். 1787இல் இறக்கும் தறுவாயிலிருந்த துளஜா மன்னர், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை அவர் கையில் ஒப்படைத்தார்.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டே அரியணை ஏறிய சரபோஜி, அவருக்காக ஆங்கிலத்தில் இரங்கற்பா ஒன்றையும் இயற்றினார். அரசர் திருமுழுக்குப் பெற்றவர் அல்லர். சரஸ்வதி மகாலின் ஏட்டுச் சுவடிகளைப் பேணி வளர்த்த அவரே, நம் போதகரின் நினைவையும் கல்லில் காத்தார். பிறர் நமக்காகப் பேணியதை நாம் பேணுகிறோமா?

நகரம் வளர்கிறது. சபைகளும் பெருகுகின்றன. பழைய ஆலயத்தில் இடமில்லை, வெயில் தாங்கவில்லை, மழையில் ஒழுகுகிறது என்று பலர் வருந்துவது நியாயமே. ஆனால் "இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவோம்" என்பது மட்டுமே அதற்கு விடையன்று. வளாகத்தில் இடமிருந்தால் புதிய மண்டபத்தை அருகே எழுப்பலாம். ஆராதனை வேளைகளைக் கூட்டலாம். இடித்த ஆலயத்தையோ எந்தக் காணிக்கையாலும் திரும்பப் பெற இயலாது.

பழுதுபார்ப்பதிலும் அறிவு வேண்டும். நம் முன்னோர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டினர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்த்தனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். வெளியே பளபளப்பு, உள்ளே செங்கல் பொடிந்துபோகும். சுவரில் முளைத்த அரசஞ்செடியை வெட்டினால் மட்டும் போதாது; வேரையும் களைய வேண்டும்.

யோவாஸ் அரசன் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்க்க மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று வைக்கப்பட்டதை வேதத்தில் வாசிக்கிறோம். பல ஆண்டுகள் காணிக்கை வந்தும் பழுது அப்படியே கிடந்ததால்தான் அந்தப் பெட்டி தேவைப்பட்டது. யோசியாவின் காலத்தில் ஆலயத்தைச் செப்பனிட்டபோது, மறக்கப்பட்டுக் கிடந்த நியாயப்பிரமாண நூல் கிடைத்தது. அந்த ஆலயத்தை அன்று பழையதென்று இடித்திருந்தால் அதுவும் இடிபாட்டோடு போயிருக்கும்.

தேவன் கைகளால் கட்டப்பட்ட ஆலயங்களில் அடங்குகிறவர் அல்லர், அதை அறிவோம். ஆயினும் யோர்தானைக் கடந்தவர்கள் பன்னிரண்டு கற்களை நாட்டியது, பிள்ளைகள் நாளை கேள்வி கேட்பார்கள் என்பதற்காகவே. சுவார்ட்ஸ் ஆலயத்துக் கல்லைக் காணும் பிள்ளை, "ஓர் அரசர் ஏன் போதகரின் கையைப் பிடித்திருக்கிறார்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து பஞ்சத்தையும் அரிசியையும் காப்பாற்றப்பட்ட வாக்கையும் சொல்லத் தொடங்கலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு சபையாரும் தங்கள் ஆலயத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். வண்ணம் பூசி மறைத்த கல்வெட்டுகள் உண்டா, கூரையில் நீர் தேங்குகிறதா, சுவரில் செடி முளைத்திருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் அந்தக் குறிப்பு முதலில் வாசிக்கப்படட்டும்.

கர்த்தர் தாமே நமக்கு உண்மையுள்ள காவலரின் இருதயத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.