வெளிநாட்டு வீட்டு வாடகையும் இரட்டை வரியும்

வெளிநாட்டில் உள்ள ஒரு சிறிய வீட்டை விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர் இரண்டு அரசுகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் ஆகிறார். வீடு இருக்கும் நாட்டில் அதைப் பதிவு செய்து, அங்கே வரி கட்ட வேண்டும். தாம் குடியிருக்கும் நாட்டிலும் அந்த வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். சவ்வாது மலை அடிவாரத்துச் செங்கத்தில் வாழும் ஒருவருக்கு மலேசியாவின் ஈப்போவிலோ போர்த்துகலின் லிஸ்பனிலோ ஒரு வீடு இருந்தால் அவருக்கும் இதுவே விதி.

இது பற்றிய பேச்சு வரும்போது தமிழ்நாட்டில் இரண்டு பதில்கள் அடிக்கடி கேட்கும். "அங்கேயே வரி கட்டியாச்சு, இங்கே எதற்கு?" என்பது ஒன்று. "அந்தப் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரவே இல்லையே" என்பது மற்றொன்று. இன்றைய சட்டப்படி இரண்டும் தவறு. ஆனால் இவை யாரோ கற்பனையாகக் கிளப்பிவிட்டவை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் இந்தியச் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அது எப்படி மாறியது என்பதைக் கடல் கடந்து சொத்து வைத்திருந்த தமிழர்களின் வரலாற்றைக் கொண்டே அறியலாம்.

கிட்டங்கிக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வட்டித்தொழில் நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை அயல்நாட்டில் இருக்கும். அதை நடத்த மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிப்படியாக ஆட்கள் இருந்தனர். பல கடைகள் சேர்ந்து ஒரே கட்டடத்தில் இடம் பிடித்துத் தொழில் செய்த இடமே கிட்டங்கி. இரவில் ஆட்கள் படுத்துறங்குவதும் அங்கேதான். மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார்.

கடனுக்கு ஈடாக வைத்த நிலங்களும் வீடுகளும் காலப்போக்கில் இவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு சாகுபடி நிலம் செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் வசூலாகாமல் போனதால், அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது கால் பங்காக உயர்ந்தது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் விரும்பாமலேயே நிலச்சுவான்தார் ஆனார்கள் என்று சொல்வது பொருந்தும்.

இவர்களின் வருமானத்துக்கு எந்த அரசு வரி கேட்பது? 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஈட்டிய அல்லது பெற்ற வருமானத்தையே முதன்மையாகப் பார்த்தது. வெளியில் ஈட்டிய வணிக லாபம், ஈட்டிய ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுக்குள் இங்கே கொண்டுவரப்பட்டால் மட்டுமே வரிக்கு உட்பட்டது. மூன்று ஆண்டு கழித்துக் கொண்டுவந்தால் வரி இல்லை. மேலாளின் தவணையும் மூன்று ஆண்டு, சட்டத்தின் கெடுவும் மூன்று ஆண்டு என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கணக்கு எழுதுபவருக்கு அது வசதியாகவே இருந்திருக்கும். "பணத்தைக் கொண்டுவரவில்லையே" என்ற பதிலின் வேர் இங்கே இருக்கிறது.

1939இல் வந்த மாற்றம்

1930களில் நிலைமை எல்லாப் பக்கமும் இறுகியது. இலங்கையில் 1932இல் வருமான வரி அறிமுகமானது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. நேற்றுவரை ஒரே அரசின்கீழ் இருந்த கடை, ஒரே நாளில் வெளிநாட்டுக் கடை ஆயிற்று. ஒரே வருமானத்துக்கு இரு பக்கமும் வரி விழாமல் இருக்க, இந்தியா–பர்மா வருமான வரி நிவாரண ஆணை 1936இலேயே பிறப்பிக்கப்பட்டிருந்தது.

பெரிய மாற்றம் 1939ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. இந்தியாவில் குடியிருப்பவரின் உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்குள் வந்தது. பணம் இங்கே வந்ததா என்ற கேள்விக்கு முன்பிருந்த முக்கியத்துவம் போயிற்று. சிறிய வருமானக்காரர்களுக்காக ஒரு சலுகை மட்டும் வைத்தார்கள். வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே விட்டுவைத்த தொகையில் 4,500 ரூபாய் வரை வரி இல்லை. அக்காலத்தில் அது சிறிய தொகை அல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1948 முதல் வருமான வரி நிலைபெற்றபோது, அங்கே சொத்து வைத்திருந்த தமிழர்கள் இரண்டு பக்கமும் பதில் சொல்லும் நிலைக்கு முழுமையாக வந்துவிட்டனர்.

சொத்து யார் பெயரில்?

வரிக்கு முன்னால் வருவது பதிவு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, உண்மையில் சொத்து யாருடையது என்ற கேள்வி இலங்கையில் ஒரு பெரிய வழக்காயிற்று. அங்கே சொத்து வைத்திருந்த ஒரு செட்டியார் குடும்பத்தில் ஒரே மகன் 1934இல் இறந்தார். தந்தை 1938இல் இறந்தார். குடும்பத்தில் எஞ்சியவர்கள் பெண்கள். ஆண் பங்காளி யாருமில்லாததால் தந்தையே தனி உரிமையாளர், ஆகவே இறந்தவர் சொத்துமீதான எஸ்டேட் வரி கட்ட வேண்டும் என்றது இலங்கை அரசு. இது இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்து, இலங்கைச் சட்டமே அதற்கு விலக்கு அளிக்கிறது என்றது குடும்பம்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1957இல் முடிந்தது. ஒரே ஓர் ஆண் உறுப்பினர் இருந்தாலும், பெண்கள் இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் தொடர்கிறது என்று தீர்ப்பாயிற்று. குடும்பம் வென்றது. இடையில் கழிந்தது 19 ஆண்டு. பிற்கால இந்திய வரி வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது. உறவினர் பெயரில் அயல்நாட்டில் வீடு வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டிய வழக்கு இது.

ஈப்போ சொத்து வழக்கு

"அங்கே கட்டியாச்சு" என்ற பதிலுக்கும் ஒரு தீர்ப்பு துணையாக இருந்தது. இந்தியாவும் மலேசியாவும் 1976இல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அசையாச் சொத்தின் வருமானத்துக்கு, அந்தச் சொத்து இருக்கும் நாட்டில் 'வரி விதிக்கலாம்' என்பது அதன் வாசகம். அந்த நாட்டில் மட்டுமே விதிக்கலாம் என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. எழுதியிருந்தது 'விதிக்கலாம்' என்பதுதான்.

ஈப்போவில் சொத்து வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனத்துக்கு ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஓர் ஆண்டில் 88,424 ரூபாய் வருமானம் வந்தது. சொத்து விற்றதில் 18,113 ரூபாய் குறுகியகால மூலதன ஆதாயம் கிடைத்தது. நிறுவனத்தின் நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டில் இல்லை, ஆகவே அது இந்தியாவில் குடியிருப்பதாகவே கொள்ள வேண்டும், இரண்டு தொகையும் இங்கே வரிக்கு உரியவை என்றார் வருமான வரி அதிகாரி. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. தீர்ப்பாயமும் சென்னை உயர் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒப்பந்தம் இருக்கும்போது உள்நாட்டுச் சட்டத்தைவிட ஒப்பந்தமே மேலோங்கும், அந்த வருமானத்தின் பொருளாதாரப் பிணைப்பு மலேசியாவோடுதான் இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு சொல்லின் பொருளில் எத்தனையோ பேருடைய வரி தொங்கிக்கொண்டிருந்தது.

அரசு இதை அப்படியே விடவில்லை. ஒப்பந்தத்தில் விளக்கம் தராத சொல்லுக்கு அரசே அறிவிப்பின் மூலம் பொருள் வகுக்கலாம் என்ற பிரிவு ஏற்கெனவே சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. 2008 ஆகஸ்ட் 28 அன்று அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அறிவிப்பு வந்தது. மற்ற நாட்டில் 'வரி விதிக்கலாம்' என்று இருந்தால், இந்தியாவில் குடியிருப்பவர் அந்த வருமானத்தை இங்கேயும் மொத்த வருமானத்தில் சேர்க்க வேண்டும், அங்கே கட்டிய வரிக்கு ஒப்பந்தப்படி நிவாரணம் பெறலாம் என்றது அது. செட்டியார் நிறுவனம் வென்ற வாதம் நான்கே ஆண்டில் பிறருக்குப் பயன்படாமல் போயிற்று. மலேசியாவோடு புதிய ஒப்பந்தம் 2012இல் கையெழுத்தானது. ஒப்பந்தம் இல்லாத நாடாக இருந்தாலும் இந்தியச் சட்டம் தன் பங்குக்கு ஒருதலை நிவாரணம் தருகிறது.

இன்றைய கணக்கு

செங்கத்து உரிமையாளரின் வெளிநாட்டு வீட்டில் ஓர் ஆண்டு வாடகை 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்டில் வருமான வரியாக 60,000 ரூபாய் கட்டிவிட்டார். இங்கே அது வீட்டுச் சொத்து வருமானமாகக் கணக்கிடப்பட்டால் பராமரிப்புக்கென 30 விழுக்காடு கழிவு உண்டு. மீதி 2,10,000 ரூபாய். அவர் 20 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால் இந்திய வரி 42,000 ரூபாய். அங்கே கட்டியதே அதிகம் என்பதால் இங்கே கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் மீதமுள்ள 18,000 ரூபாயை இந்தியா திருப்பித் தராது. 30 விழுக்காட்டுப் படியில் இருந்தால் இந்திய வரி 63,000. அங்கே கட்டியது போக 3,000 ரூபாய் இங்கே கட்ட வேண்டும். (கூடுதல் செஸ் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.) இரட்டை வரி என்று அஞ்சுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், பெரும்பாலும் சுமை இரண்டு வரிகளில் அதிகமானதோடு நின்றுவிடுவதைக் காண்பார்கள்.

உண்மையான ஆபத்து வரியில் இல்லை, தெரிவிக்காமல் விடுவதில் இருக்கிறது. 2012 முதல் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்குத் தனி அட்டவணை உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவரும், இந்தியாவில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருந்து வெளிநாட்டுச் சொத்து வைத்திருந்தால் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி, அந்தச் சொத்தைக் காட்டாமல் விட்டதற்கே 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆண்டுக்கு மூன்று லட்சம் வாடகை வரும் வீட்டுக்கு மூன்றாண்டு வாடகைக்கும் மேல் அபராதம்! 2024 அக்டோபர் முதல், மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்துகளுக்கு இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். ஆனால் அந்தத் தளர்வு அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. வங்கிக் கணக்கில் சிறு தொகை வைத்திருப்பவர் தப்பலாம், சிறு வீடு வைத்திருப்பவர் தப்ப முடியாது. 1939இல் சிறியவர்களுக்கு இருந்த பரிவு இங்கே காணவில்லை.

நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புவோருக்கு மட்டும் சிறிது மூச்சு விட இடம் உண்டு. 'வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லாதவர்' என்ற நிலையில் இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டு வாடகைக்கு இங்கே வரி இல்லை.

வீட்டைப் பதிவு செய்தல்

வரி ஒரு பக்கம் இருக்க, வீட்டைப் பயணிகள் தங்குமிடமாகப் பதிவு செய்வது தனி வேலை. செங்கண்மா நோக்கிச் சென்ற கூத்தரை மலைக்குடியினர் உபசரித்ததை மலைபடுகடாம் விரிவாகக் கூறும். அங்கே வாடகையும் இல்லை, பதிவும் இல்லை. இன்றோ நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே அனுமதியில்லை. அங்கே விடுமுறை வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. மலேசியாவில் 2017 செப்டம்பர் முதல் சுற்றுலா வரி உண்டு. வெளிநாட்டு விருந்தினரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வாங்குவது அதன் விதி. மலேசியாவில் குடியிராதவரின் வாடகைக்கு வருமான வரி ஒரே விகிதமாக 30 விழுக்காடு. இலங்கையில் சுற்றுலாத் தங்குமிடங்களைப் பதிவு செய்யும் பொறுப்பு, 2005ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டப்படி அமைந்த சுற்றுலா மேம்பாட்டு அதிகாரசபையிடம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்குவதையே பெரிதும் தடுத்துவிட்டது.

போர்த்துகல் 2014இல் இத்தகைய வீடுகளுக்குத் தனிச் சட்டம் இயற்றிப் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கியது. ஸ்பெயினில் 2025 ஜூலை 1 முதல், பதிவு எண் இல்லாத வீட்டை இணையத் தளங்களில் விளம்பரம் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் வாடகைத் தளங்களே உரிமையாளரின் பெயரையும் வருமானத்தையும் வரித்துறைக்குத் தெரிவிக்கின்றன. கிட்டங்கிக் காலத்தில் கணக்கு மேலாளின் பேரேட்டில் இருந்தது, முதலாளி சொன்னால்தான் அரசுக்குத் தெரியும். இப்போது உரிமையாளர் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே அவருடைய வாடகைக் கணக்கு அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.