கைபேசி அடையாளத் தரவு மீட்பு

ஸ்மார்ட்போனின் சேமிப்புச் சில்லை மாற்றியபின் ஐஎம்இஐ எண், வைஃபை, புளூடூத் முகவரிகள், ரேடியோ அளவுத்திருத்த மதிப்புகள் ஆகியவற்றைப் புதிய சில்லில் மீண்டும் எழுதும் பழுதுநீக்கப் பணி. சாம்சங் போன்களில் இத்தரவு பெரும்பாலும் இஎஃப்எஸ் எனும் சேமிப்புப் பிரிவிலும், மீடியாடெக் செயலியுள்ளவற்றில் என்விராம் பிரிவிலும் இருக்கும். இயங்குதளத்தை மட்டும் நிறுவினால் இத்தரவு திரும்பாது. பழைய சில்லிலிருந்து எடுத்த நகலே நம்பத்தக்க மூலம். 15 இலக்க ஐஎம்இஐ பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். ஆலையில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியே அளந்த ரேடியோ மதிப்புகளோ வேறெங்கும் கிடைப்பதரிது. வேறொரு போனின் நகலை ஏற்றினால் சிக்னல் தரம் குன்றக்கூடும்.

இத்தரவை எழுதும் கருவிகள் திருட்டுப் போனின் எண்ணை மாற்றவும் உதவும் என்ற ஆட்சேபம் வலுவானது. உற்பத்தியாளர் அல்லாதோர் ஐஎம்இஐயை வேண்டுமென்றே மாற்றுவதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்தன. ஆயினும் அந்தந்தப் போனுக்குரிய எண்ணையே திரும்ப எழுதுகையில் அடையாளம் மாறுவதில்லை. ஆகவே வேறுபாடு கருவியில் அன்று, எழுதப்படும் எண்ணில்தான் உள்ளது.